கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எந்த டெஸ்க்டாப்? அறுபதாயிரமா, இரண்டரை லட்சமா?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறீர்கள். பிரீமியர் மென்பொருளில் எடிட்டிங், ரிசால்வில் கலர் திருத்தம். தம்பி ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் டைட்டில் அனிமேஷன் செய்கிறார். பழைய மெஷினில் 4கே ஃபுட்டேஜ் திணறுகிறது. மானிட்டர் இருக்கிறது, சிபியு பெட்டி மட்டும் புதிதாக அசெம்பிள் பண்ண வேண்டும். அறுபதாயிரத்தில் முடியுமா, ஒன்றேகால் லட்சம் ஆகுமா, கடன் வாங்கியாவது இரண்டரை லட்சம் போட்டால்தான் சரிப்படுமா? கடைக்காரர் "ஐ9 போட்டுடுங்க சார், கண்ணை மூடிக்கிட்டு வேலை பாக்கலாம்" என்கிறார்.

ஐ9, அதாவது இன்டெல்லின் விலை உயர்ந்த பிராசஸர், அந்தக் கதையை அப்புறம் பார்ப்போம். முதலில் பழைய மெஷினிலேயே ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது. சமீபத்தில் முடித்த ஒரு கல்யாண புராஜெக்டைத் திறந்து, தாலி கட்டும் இடத்துக்குப் போங்கள். டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். வேண்டுமென்றேதான் அந்த இடத்தைச் சொல்கிறேன். நலங்கு, ரிசப்ஷன் எல்லாம் ஒரே கேமராவில் நிதானமாக ஓடும். கெட்டிமேளம் கொட்டும்போது மூன்று கேமராவும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கும், அதில் ஒன்று ஸ்லோ மோஷனுக்காக 50 ஃபிரேமில் இருக்கும். மல்டிகேமில் மூன்றையும் ஒரே சமயத்தில் பிரித்துக் காட்ட வேண்டிய இடம் அது. மெஷின் சிக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சிக்கும்போது எந்தக் கிராஃப் உச்சியில் நிற்கிறது என்று பாருங்கள். சிபியு (அதாவது பிராசஸர்) 100 சதவீதம், கிராபிக்ஸைக் காட்டும் ஜிபியு பகுதியில் 'வீடியோ டிகோட்' பூஜ்யம் என்றால் ஒரு நோய். ரேம் 95 சதவீதத்தில் நிற்கிறது, டிஸ்க் துடிக்கிறது என்றால் வேறு நோய். சிபியு 30 சதவீதத்தில் சும்மா இருக்க டிஸ்க் மட்டும் 100 என்றால், ஃபுட்டேஜை யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் வைத்தே எடிட் செய்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்குப் புது கம்ப்யூட்டர் தேவையில்லை, ஒரு எஸ்எஸ்டி போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் போனால் கடைக்காரர் கையில் இருக்கும் ஸ்டாக்தான் உங்கள் தேவை ஆகிவிடும்.

கல்யாண வீடியோக்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது முதல் நோய்தான். போன வருடம் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், புது ஐ7, அதோடு ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராபிக்ஸ் கார்டு, இவ்வளவு போட்டும் பழைய மெஷினைவிட மோசமாக ஓடுகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ப்ளே பண்ணினால் சிபியு முழுக்க எரிகிறது, கார்டு 12 சதவீதத்தில் தூங்குகிறது, வீடியோ டிகோட் பூஜ்யம். கேமராவில் நிறத்தை அதிக நுணுக்கமாகப் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 என்ற செட்டிங் வைத்திருந்தார். பிராசஸர் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தது. கதை அவ்வளவுதான்.

கொஞ்சம் விளக்குகிறேன். கேமரா பதிவு செய்யும் எச்.264, எச்.265 கோப்புகள் அழுத்திச் சுருக்கப்பட்டவை. அதை விரிக்க பிராசஸருக்குள்ளோ கிராபிக்ஸ் கார்டுக்குள்ளோ தனியாக ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். அதற்குத் தெரிந்த ஃபார்மட் என்றால் வெண்ணெய் மாதிரி ஓடும். தெரியாத ஃபார்மட் என்றால் பிராசஸரின் கோர்கள் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்) கையால் மாவாட்டுவதுபோல அரைத்துத் தீர்க்க வேண்டும். சாதாரண 8 பிட் 4:2:0 எல்லோருக்கும் தெரியும். சோனி ஏ7எஸ் 3, ஏ7 4, கேனன் ஆர்6 போன்ற கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 அப்படியல்ல. எச்.265-இல் வரும் 4:2:2-வை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ், 12-ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்த பிராசஸர்களில் சுலபமாகவே விரிக்கிறது. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் 4:2:2 வந்தது. 30-க்கும் 40-க்கும் தெரியாது. ரைசன் 7000, 9000 பிராசஸர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் தெரியாது. இன்டெல் பெயரில் 'எஃப்' என்று முடிந்தால் உள் கிராபிக்ஸே கிடையாது. நண்பர் மிச்சம் பிடித்த கொஞ்சப் பணம் அங்கேதான் போயிற்று.

இன்னொரு கண்ணி: அதே 10 பிட் 4:2:2 எச்.264-இல் இருந்தால் மேலே சொன்ன இன்டெல்லும் கைவிரித்துவிடும், அதற்கு ஆர்டிஎக்ஸ் 50 வேண்டும். ஆகவே கேமரா மெனுவைத் திறந்து எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். கிளையன்டுக்கு யூடியூப் லிங்க்கும் பென் டிரைவும்தான் போகிறது, கலரில் பெரிய வேலை எதுவும் இல்லை என்றால் 4:2:0-விலேயே எடுக்கலாம். காசு செலவில்லாத அப்கிரேடு அது. எடுத்தாகிவிட்ட ஃபுட்டேஜுக்கு பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சின்ன நகல், இருக்கவே இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது பிராக்ஸி போட்டுவிட்டுப் போனால், காலையில் எட்டு வருடப் பழைய மெஷினில்கூட எடிட் பண்ணலாம். நம் ஆட்கள் ஏனோ பிராக்ஸி என்றாலே மானக்குறைவாக நினைக்கிறார்கள்.

இப்போது ஐ9. கோர் கூடக் கூட வேகம் அதே கணக்கில் கூடும் என்று நினைப்பதுதான் பிழை. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. ஒரு வேலையில் 80 சதவீதத்தைத்தான் பல கோர்களுக்குப் பங்கு போட முடியும், மீதி 20 சதவீதம் ஒரே கோரில் வரிசையாகத்தான் நடக்கும் என்று வையுங்கள். 8 கோர் போட்டால் வேகம் 3.3 மடங்கு. 16 கோர் போட்டால் 4 மடங்கு. கோரை இரட்டிப்பாக்கியும் கிடைத்தது இருபது சதவீதம்தான். எண்ணற்ற கோர் போட்டாலும் 5 மடங்கைத் தாண்டாது. டைம்லைனில் வெட்டி ஒட்டும் வேலை இந்த ரகம்தான். பிராசஸரிலேயே ப்ளெண்டர் ரெண்டர் ஓட விட்டால் அது கிட்டத்தட்ட முழுக்கப் பங்கு போடக்கூடிய வேலை, அங்கே கோருக்குக் கொடுத்த காசு வீண்போகாது. ஆனால் அதையும் கிராபிக்ஸ் கார்டு இன்னும் வேகமாகச் செய்துவிடும் என்பதால், உங்கள் வீட்டில் ஐ9-க்கு உண்மையில் வேலையே இல்லை.

ஐ9 என்றதும் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் தானே தேய்ந்து, கம்ப்யூட்டர் காரணமில்லாமல் கிராஷ் ஆகும் சிக்கல் அது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் அதற்கு மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. பெரிய அடி ஐ7, ஐ9-களுக்குத்தான். அந்தத் தலைமுறையில் வாங்கினால் விண்டோஸ் போடும் முன்பே, அந்தத் திருத்தம் உள்ள பயாஸுக்கு மதர்போர்டை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்டில் 13900, 14900 மலிவாக வந்தால் தொடாதீர்கள். முந்தைய ஆள் எத்தனை மாதம் பழைய பயாஸில் ஓட்டினார் என்பது சிப்பின் மேல் எழுதியிருக்காது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் தம்பியின் வேலைதான் முடிவு செய்யும். பிரீமியர் வெட்டலுக்குச் சுமாரான கார்டு போதும். ரிசால்வில் கலரும் நாய்ஸ் ரிடக்ஷனும் கார்டைப் பிழிந்தெடுக்கும். நாய்ஸ் ரிடக்ஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு, விலை 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுக்கிறவர்களுக்குப் பெரிய கார்டைவிட இது முதலில் உதவும். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் இன்ஜினில் கார்டின் வேகத்தைப்போலவே அதன் மெமரியும் முக்கியம். சீன் அதில் அடங்கவில்லை என்றால் ரெண்டர் நின்றுபோகலாம், இல்லை மெயின் ரேமைக் கடன் வாங்கிக்கொண்டு நத்தையாய் நகரலாம். டைட்டிலில் எழுத்தும் பூவும் பறப்பதற்கு 8 ஜிபி போதும். மண்டபத்தையே மாடல் பண்ணி, டெக்ஸ்சர் எல்லாம் 4கே-வில் போடுகிற ஆள் என்றால் 16 ஜிபி பாருங்கள். 5060 டிஐ கார்டு 8, 16 என்று இரண்டு விதமாக வருகிறது, பெட்டியின் மேல் எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ரேமுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு 4கே ஃபிரேமில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். எஃபெக்ட் போடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு சேனல், சேனலுக்கு நான்கு பைட் என்று வைத்தால் ஒரு ஃபிரேம் 133 எம்பி. ஒரு நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 3.3 ஜிபி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ப்ரிவியூவில் 16 ஜிபி ரேம் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோவது இதனால்தான். வெறும் வெட்டலுக்கு 16 ஓடும், 32 இருந்தால் நிம்மதி. ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள், டூயல் சேனல் கிடைக்கும், அதாவது இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகும். உள் கிராபிக்ஸை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதற்குத் தனி மெமரி கிடையாது. ஆனால் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் டிடிஆர்5 வேகம் குறைந்து ஓடும், அதையும் நினைவில் வையுங்கள். விலை? 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை தலைகீழாகிவிட்டது. போன மாதக் கொட்டேஷன் இந்த மாதம் செல்லாது. கீழே நான் சொல்லும் பட்ஜெட்களிலும் முதலில் ஆட்டம் காணப்போவது ரேம்தான்.

ஸ்டோரேஜ் விஷயத்தில் வேகத்தைவிட இடம்தான் பிரச்சினை. 100 எம்பிபிஎஸ்-இல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 675 ஜிபி. 1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஆகத்தான் தெரியும், ஆக இரண்டாவது கல்யாணத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த மூன்று கேமராவும் சேர்ந்து நொடிக்குக் கேட்பது 38 எம்பிகூட இல்லை. போர்டில் நேராகச் செருகும் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டியே 3,500-ஐத் தாண்டுகிறது. அதனால் 14,000 எம்பி வேகம் என்று விற்கும் ஜென் 5 எஸ்எஸ்டி உங்களுக்கு ஊறுகாய்க்கு வெள்ளித்தட்டு. அந்தக் காசில் 2 டிபி ஜென் 4 வாங்குங்கள். முடிந்த கல்யாணங்களைத் தனி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கடையில், மற்றது வீட்டில். "ஆல்பம் கையில வாங்குற வரைக்கும் ஃபுட்டேஜ் வச்சிருங்க தம்பி" என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னால், அது பதினெட்டு மாதம்கூட ஆகலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம்.

அறுபதாயிரம்: கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். ஐ5-14500 கிடைத்தால் முதல் தேர்வு. 14 கோர், உள்ளே யுஎச்டி 770 கிராபிக்ஸ், அதில் வீடியோ விரிக்க இரண்டு இன்ஜின். 14400-இலும் 12400-இலும் இருக்கும் 730-இல் ஒன்றுதான். கடைகளில் 14500-ஐத் தேடித்தான் பிடிக்க வேண்டும், விசாரிக்காமல் 14400எஃப் எடுத்து நீட்டுவார்கள். அதோடு பி760 போர்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ, நல்ல 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை). இன்றைக்குக் கார்டு இல்லாவிட்டாலும் 650 வாட்ஸ் எதற்கு என்றால், அடுத்த சீசனில் 5060 ஒன்று வாங்கிச் செருகினால் அப்படியே ஓடும். இந்தப் பணத்தில் மட்டமான கார்டு ஒன்றையும் திணித்து எல்லாவற்றையும் அரைகுறையாக வாங்குவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. ப்ளெண்டர் இதில் ஓடாது என்றில்லை, தம்பிக்குப் பொறுமை வேண்டும்.

இதே விலையில்தான் ஆப்பிளின் மேக் மினி எம்4-உம் 2024-இல் வந்தது, 59,900 ரூபாய். எச்.265 4:2:2-வை அநாயாசமாக ஓட்டும், மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும். வெட்டல் மட்டும்தான் வேலை என்றால் கண்ணியமான தேர்வு. ஆனால் அந்த விலையில் 256 ஜிபி ஸ்டோரேஜ்தான். ரேமைப் பின்னால் கூட்டவே முடியாது. ரிப்பேர் என்றால் பக்கத்துத் தெருப் பையன் கை வைக்க மாட்டான். எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பழகியவர்களுக்கு இது ஒத்துவராது.

ஒன்றேகால் லட்சம்: நான் உங்களுக்குச் சொல்வது இதைத்தான். அதே 14500, 32 ஜிபி ரேம், 2 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060. இப்போது எச்.265 வந்தாலும் எச்.264 வந்தாலும் 4:2:2-வைப் பிரிக்க ஆள் இருக்கிறது, ப்ளெண்டருக்குக் கார்டும் இருக்கிறது. நாளைக்கு பிராசஸரை மட்டும் மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் ரைசன் பக்கம் போகலாம். 14500 உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 7600, 9700எக்ஸ் எல்லாம் அருமையான பிராசஸர்கள்தான். 4:2:2 வேலையை மட்டும் முழுக்க 50 வரிசை கார்டின் தலையில் போட வேண்டியிருக்கும்.

இரண்டரை லட்சம்: கோர் அல்ட்ரா 7 265கே, 64 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 16 ஜிபி, இரண்டு எஸ்எஸ்டி. தம்பி ப்ளெண்டரில் வெளி வேலையும் எடுத்துச் சம்பாதிக்கிறார் என்றால் நியாயம். கல்யாண வீடியோவுக்கு மட்டும் என்றால் கடன் வாங்கி இதை வாங்காதீர்கள். மாதம் நான்கு கல்யாணம் எடிட் பண்ணுகிறவருக்கு ஒன்றேகால் லட்சத்து மெஷினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், பெரும்பாலும் எக்ஸ்போர்ட் ஓடும் நேரம்தான். அந்த நேரத்தில் நீங்கள் டீ குடிக்கப் போயிருப்பீர்கள். மீதிப் பணத்தில் நல்ல லென்ஸ் ஒன்று வாங்கினால் கிளையன்டுக்குக் கண்ணில் தெரியும்.

கொட்டேஷனில் யாரும் பார்க்காத வரி எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே கடையில் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், அப்படிப்பட்ட ஒரு எஸ்எம்பிஎஸ் தான் செத்ததோடு நிற்காமல் போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். முகூர்த்த மாதம் வேறு. யுபிஎஸ் வாங்கும்போது விஏ வேறு, வாட்ஸ் வேறு. 600 விஏ என்று எழுதியிருப்பது பொதுவாக 360 வாட்ஸ்தான். 5060 போட்ட மெஷினோடு மானிட்டரும் சேர்ந்தால் ரெண்டர் நடுவில் மூச்சு வாங்கும். 1100 விஏ பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது ப்யூர் சைன் வேவ்தானா என்று கேளுங்கள். ஸ்கொயர் வேவ் வந்தால் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும்.

அப்புறம் எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது, எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது நல்ல எஸ்எம்பிஎஸ்தான். அதற்குள் இருக்கும் ஃபில்டர், எர்த் இல்லாத பிளக்கில் செருகினால், கேபினெட் தகட்டில் சுமார் 115 வோல்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அதே மெஷினில் கேமராவை யுஎஸ்பியில் மாட்டுகிறீர்கள். இரண்டரை லட்சத்து மெஷினை யோசிக்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் வேலை என்றால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் வேண்டாம், வலை போட்டது வாங்குங்கள். அறைச் சூடு பத்து டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். நூறு டிகிரியை நெருங்கியதும் இன்டெல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கோடை முழுக்க வராது. வண்ண விளக்கு ஃபேன்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, கல்யாண வீட்டார் ஸ்டுடியோவுக்கு வந்தால் பார்த்து வியப்பார்கள், அந்த அளவுக்கு லாபம்.

வாங்குவதை ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், பாகம் ஏதாவது பழுதாக வந்தாலும் மாற்ற நேரம் இருக்கும். கும்பகோணத்தில் 14500 கிடைக்கவில்லை என்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வருவது பஸ் காசுக்கு வொர்த். எங்கே வாங்கினாலும் பிராசஸர் சீல் போட்ட பெட்டியில் வரட்டும். பெட்டி இல்லாமல் வரும் ட்ரே பிராசஸர் கொஞ்சம் மலிவு, ஆனால் பெட்டியில் வருவதற்கு உள்ள மூன்று வருடக் கம்பெனி வாரன்டி அதற்கு இருக்காது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் தனித்தனியாக ஏற வேண்டும், 'அசெம்பிள்டு கம்ப்யூட்டர் - 1' என்று ஒரே வரியில் முடித்தால் வாரன்டிக்கு அலைவீர்கள். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த நம்பரில் பில் போடுங்கள், 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது அந்தத் தாலி கட்டும் புராஜெக்டையும் மூன்று கேமரா ஃபுட்டேஜையும் ஒரு எஸ்எஸ்டியில் போட்டுக் கையில் எடுத்துப் போங்கள். அசெம்பிள் பண்ணி முடித்ததும் அங்கேயே பிரீமியரை ட்ரயலில் போட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கெட்டிமேளத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். வீடியோ டிகோட் கிராஃப் எழுந்து நின்று, சிபியு பாதிக்குக் கீழே இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.